அடுத்த வீட்டுத் தோட்டா

வெர்லின் ஓக்லண்டைப் பொறாமைக்காரர் என்று சேஜ் ஃபோர்க்கில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பு வந்ததில்லை என்பதுதான் சரி. சனிக்கிழமை நடனங்களில் அவருடைய மனைவி ஆர்லிஸ் ஊரிலுள்ள ஆண்கள் பலரோடும் போல்கா ஆடியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் சுவரோரமாக உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றுகொண்டிருப்பார். பக்கத்து வீட்டு ரூடி ஹேகன் அவளைப் பம்பரமாகச் சுழற்றியபோதுகூட, "அவளுக்கு முட்டி வலி, பாத்துய்யா" என்று மட்டும்தான் சொன்னார். அப்படிப்பட்ட மனிதர், ரூடி கட்டிய தோட்டாக்களைத் தன் வீட்டுச் சமையலறையில் பார்த்த அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் தோட்டாவைத் தாங்களே வீட்டில் கட்டிக்கொள்கிறவர்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, அளவுக்கு நெருக்கி, அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் அழுத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைச் செருகுவார்கள். ஒருவருக்கொருவர் டிரக் கொடுப்பார்கள், நாயைக் கொடுப்பார்கள், பனிக்காலத்தில் வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டு அரிசோனா போவார்கள். தோட்டாவை மட்டும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். மருந்து நிறுக்கும்போது ஒருவன் கொட்டாவி விட்டானா, தொலைபேசியில் பேசினானா என்பதை அந்தத் தோட்டா வெடிக்கும் நேரத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். அப்போது உங்கள் கண் அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். ஆகவே இன்னொருவன் கட்டிய தோட்டாவைச் சுடுகிறவர், அவனிடம் தன் கண்ணை ஒப்படைக்கிறார். புருஷன் கட்டியதை மனைவி சுடலாம். அது ஒன்றுதான் விதிவிலக்கு. அதையும் யாரும் விதிவிலக்கு என்று நினைத்ததில்லை. கல்யாணம் என்றுதான் நினைத்தார்கள்.

வெர்லினுக்குக் கவுன்டியில் கிரேடர் ஓட்டும் வேலை. கோடையில் சரளைச் சாலைகளைச் சீவிச் சமன் செய்வார், குளிரில் பனியைத் தள்ளுவார். அவர் சீவிய சாலையில் காப்பிக் கோப்பையை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்பார்கள். அதைக் கேட்டால் தோளைக் குலுக்கிக்கொள்வார். அவருடைய கர்வம் சாலையில் இல்லை, கராஜில் இருந்தது. அங்கே ஒரு மேசை, அதில் திருகிப் பொருத்திய, தோட்டா அழுத்தும் பிரஸ், ஒரு தராசு. தராசுக்குக் காற்றுப் படக்கூடாது என்று கோடையிலும் கதவு சாத்தியிருக்கும். வானொலி கூடாது. உள்ளே வருவதற்கு முன் ஆர்லிஸ் கதவைத் தட்ட வேண்டும். மருந்தை அவர் சிட்டிகை சிட்டிகையாகத்தான் போடுவார். கடைசியில் ஒரே ஒரு துணுக்கைப் போடுவதா எடுப்பதா என்று யோசிப்பார். சுவரில் அவர் சுட்ட காகிதங்கள் மாட்டியிருக்கும். மூன்று குண்டு சுட்ட காகிதத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். அதில் மிகச் சிறந்தது கல்யாணப் போட்டோ இருந்த ஆணியில் தொங்கியது. போட்டோ தராசுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

வெர்லினிடமும் ஆர்லிஸிடமும் இருந்தவை ஒரே ரகத் தோட்டா போடும் துப்பாக்கிகள். அவருடையது அவர் வாங்கியது; அவளுடையது அவளுடைய அப்பா விட்டுப்போனது. இரண்டுக்கும் ஒரே மேசையில், குண்டு எவ்வளவு ஆழம் இறங்கும் என்று தீர்மானிக்கும் ஒரே டை அச்சில் கட்டிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். பல வருடங்கள் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. இரண்டு வேட்டை சீசனுக்கு முன்னால்தான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. குண்டைக் கூட்டுக்குள் அவ்வளவு ஆழமாகச் செருகாமல் கொஞ்சம் வெளியே விட்டால், குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகளுக்கு அது இன்னும் நெருங்கி நிற்கும். நெருங்கி நின்றால் கோணாமல் கிளம்பும். செய்து பார்த்தார். மூன்று ஓட்டை ஒன்றானது அதற்குப் பிறகுதான். அன்று டையை அந்த உயரத்தில் பூட்டினார், மறுபடி தொடவேயில்லை.

போன வருட அக்டோபரில், விடிந்து சற்று நேரத்தில், மலைமுகட்டில் ஆர்லிஸின் எதிரே ஓர் ஆண் எல்க் மான் வந்து நின்றது. கொம்பில் பக்கத்துக்கு ஆறு கிளை. அவள் சுட்டாள், குண்டு நடுவிலிருந்த புதரில் பட்டுத் திசைமாறியது. அடுத்த தோட்டாவை ஏற்ற, துப்பாக்கியின் தாழ் போன்ற போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினாள். இரண்டாவது தோட்டா பாதி வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தள்ளினால் போகவில்லை, இழுத்தால் வரவில்லை. எல்க் அவளை நின்று பார்த்தது. நேரம் எடுத்துக்கொண்டுதான் போனது.

இறங்கி வந்து அவள் நடந்ததைச் சொன்னதும் வெர்லின் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார்.

"போல்ட்ட நீ முழுசா இழுத்திருக்க மாட்ட."

"முழுசாத்தான் இழுத்தேன்."

"இழுத்திருந்தா மாட்டாது. பதட்டத்துல பாதி இழுத்துட்டுத் தள்ளியிருப்ப. எல்லாரும் செய்யறதுதான்."

ஆர்லிஸ் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. இருநூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது பதட்டப்படாதவள். அன்று அவள் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி உறையில் போட்டாள். அதை வெர்லின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அவர் நியாயமான மனிதர். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுடைய துப்பாக்கியைப் பிரித்துப்போட்டு வைத்தியம் பார்த்தார். தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம் என்று புதிது போட்டார். தோட்டா ஏறி வரும் சரிவில் சொரசொரப்பு இருக்கலாம் என்று முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றினார். தோட்டாவைப் பிடித்திருக்கும் தகட்டு உதடுகளை ஒரு மயிரிழை வளைத்தார், பிறகு திரும்ப வளைத்தார். மருந்தும் பிரைமரும் இல்லாத வெறும் தோட்டாக்களைக் கட்டிப்போட்டுப் பரிசோதித்தார். அவற்றையும் அதே டையில்தான் கட்டினார். மெதுவாகத் தள்ளினால் போயின; வேகமாகத் தள்ளினால் முட்டின. துப்பாக்கியில் இருந்த ஒவ்வொரு உறுப்பின்மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. தோட்டாவின்மேல் வரவில்லை. ஒரே ஓட்டை போடும் தோட்டாவைச் சந்தேகிப்பது எப்படி?

"உங்கப்பா வாங்கினது அப்படி. அந்தக் காலத்துச் சரக்கு" என்றார் கடைசியில்.

"இத்தன வருஷம் நல்லாத்தான போச்சு?"

"வயசாகும்ல."

"எதுக்கு, துப்பாக்கிக்கா எனக்கா?" என்று கேட்டுவிட்டு ஆர்லிஸ் உருளைக்கிழங்கை உரித்தாள்.

செப்டம்பரில், சீசனுக்கு முன்னால், ஊர்க்காரர்கள் எல்லாரும் வேட்டைச் சங்கத்து மைதானத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் குறி சரிபார்க்கும் நாள் வந்தது. அங்கே அத்தனை பேர் முன்னாலும் ஆர்லிஸின் துப்பாக்கி மறுபடி முட்டிக்கொண்டது. அடுத்த மேசையில் ரூடி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். ரூடி ரயில்வேயில் ஓய்வு பெற்றவன்; மனைவி இல்லை. அவன் தோட்டா கட்டுவது சமையலறை மேசையில், ஜாம் பாட்டிலுக்கும் சில்லறைக் கிண்ணத்துக்கும் நடுவில், வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டு. வெர்லின் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார்.

ரூடி எட்டிப் பார்த்தான். சிக்கிய தோட்டாவைத் தன் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்துக் கொடுத்தான்.

"ஆர்லிஸ், துப்பாக்கிய ரெண்டு நாள் என்கிட்ட விடு. கொஞ்சம் கட்டித் தர்றேன், போட்டுப் பாரு."

"அவளுக்கு நான் கட்டறேன்" என்றார் வெர்லின்.

"நீ கட்டறதத்தான்யா இப்ப நெம்பி எடுத்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டு ரூடியிடம் நீட்டினாள். அதைவிட அவள் சிரித்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துச் சமையலறை மேடையில், மாவு டின்னுக்குப் பக்கத்தில், ஒரு பழைய மார்கரின் டப்பா வந்து உட்கார்ந்தது. திறந்தால் ரூடியின் தோட்டாக்கள். பித்தளையை மெருகேற்றக்கூட இல்லை; பழைய கதவுக் கைப்பிடி நிறத்தில் இருந்தன. பிரைமரைச் சுற்றி, ஈரம் புகாமலிருக்க, சிவப்பு அரக்கால் ஒரு வளையம் தடவியிருந்தான். அது ரூடியின் வழக்கம். ஆர்லிஸ் அவற்றில் நாலை மேகசினில் போட்டு வெர்லின் முன்னாலேயே போல்ட்டை ஓட்டிக் காட்டினாள். நாலும் எண்ணெய் போட்ட கீல் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தன.

"சத்தமே இல்ல பாத்தியா?" என்றாள்.

வெர்லின் பார்க்கவில்லை. அன்றுதான் அவர் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் காப்பி குடிப்பது அந்த மார்கரின் டப்பாவின் எதிரில் என்றாயிற்று. டப்பாவை மாவு டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். மறுநாள் முன்னால் வந்திருந்தது. மைதானத்தில் அவற்றைச் சுட்டுவிட்டு வந்த ஆர்லிஸ், "ரூடியோடது தோள்ல இடிக்கவே இல்ல, மெத்து மெத்துன்னு இருக்கு" என்றாள். தோட்டாவைப் பற்றித்தான் சொன்னாள். வெர்லினுக்கு அந்த வாக்கியம் பல நாள் காதில் கிடந்தது. வேலியோரம் அவள் ரூடியோடு இரண்டு நிமிடம் பேசினால் கிரேடர் சாவியைத் தேடுவதுபோல முற்றத்துக்கு வருவார். அவர்கள் தக்காளிச் செடியில் உறைபனி விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு அது இன்னும் சந்தேகமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்லிஸ் சர்ச்சில் காப்பி ஊற்றும் முறைக்குப் போயிருந்தாள். வெர்லின் மார்கரின் டப்பாவைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டில் திருடனாக, கராஜுக்குப் போனார். வெர்னியர் அளவுகோலில் வைத்து நீளம் பார்த்தார். தன்னுடையதையும் பார்த்தார். ரூடியுடையது குட்டை; விரல் நகத்தின் தடிமன் அளவுக்குக் குட்டை. முதலில் அவருக்கு ஏற்பட்டது மகிழ்ச்சிதான். இவ்வளவு ஆழமாகச் செருகினால் குண்டு எங்கே நேராகப் போகும்? சோம்பேறி வேலை. ஆர்லிஸிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தார். எழுந்தவர், ஏதோ தோன்றி, அவளுடைய துப்பாக்கியின் அடித்தட்டைத் திறந்து மேகசின் பெட்டிக்குள் தன்னுடைய தோட்டாவைப் படுக்க வைத்தார்.

அதன் மூக்கு முன்சுவரில் போய் இடித்தது.

அவளுடைய அப்பாவின் துப்பாக்கியில் பெட்டி கொஞ்சம் சின்னது. அவ்வளவுதான் விஷயம். அவருடைய துப்பாக்கிக்கென்று அளவெடுத்த நீளம் அதில் உட்காரத்தான் உட்கார்ந்தது, நகர இடமில்லை; வேகமாகத் தள்ளினால் சும்மாவே முட்டும். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் உதைக்க, உள்ளேயிருந்த மற்ற தோட்டாக்களின் ஈய மூக்கு சுவரில் மோதிச் சப்பையானது. சப்பை மூக்கு சரிவில் ஏறாமல் முட்டியது. தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மனைவிக்குப் போட்டுவிட்டு, கையைத் தூக்க முடியவில்லை என்று அவள் சொன்னதும் கைதான் கோணல் என்று அவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கைக்கு எண்ணெய் வேறு போட்டார்.

வேறொருவராக இருந்தால் ஆர்லிஸ் வந்ததும் சொல்லியிருப்பார். வெர்லினும் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதைச் சொன்னால், போல்ட்டை நீ முழுதாகத்தான் இழுத்தாய் என்றும் சொல்ல வேண்டும்; உங்கப்பா துப்பாக்கியில் கோளாறில்லை என்றும் சொல்ல வேண்டும். அதையெல்லாம்கூட எப்படியோ சொல்லியிருப்பார். ரூடி செய்ததுதான் சரி என்பதை எந்த வாயால் சொல்வது? சொன்ன பிறகும் மலைமுகட்டில் அவள் தோளில் இருக்கப்போவது ரூடியின் தோட்டாதானே?

அவர் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்.

டையின் பூட்டைத் தளர்த்தி ரூடியின் நீளத்துக்கு இறக்கினார். குண்டு ஆழமாகப் போனால் உள்ளே அழுத்தம் கூடும் என்பதால் மருந்தைக் குறைத்துத் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றினார். ஆர்லிஸ் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், கிரேடரை நிறுத்தும் சரளைக் குழியில் அவளுடைய துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தார். முட்டவில்லை. மூன்று குண்டும் ஒரு கால் டாலர் நாணயத்துக்குள் விழுந்தன. ரூடியுடையதைச் சுட்டு ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் இன்னொருவன் கட்டிய தோட்டாவைச் சுடுவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. அது தப்பு. அதைத் திருடி மாற்றி வைப்பது வேறு விஷயம்.

மாற்றி வைப்பதற்கு ஒரு தடைதான் இருந்தது: ரூடியின் சிவப்பு வளையம். அந்த அரக்கு வெர்லினிடம் இல்லை. குளியலறை அலமாரியில் ஆர்லிஸின் நகப்பூச்சு ஒன்று இருந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்கென்று பில்லிங்ஸ் நகரத்தில் வாங்கியது. அதுவும் சிவப்புதான். கராஜில் மேசைவிளக்கின் கீழ், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குட்டித் தூரிகையால் ஒவ்வொரு பிரைமரைச் சுற்றியும் வளையம் வரைந்தார். மெருகேற்றாத பழைய பித்தளையாகத் தேடி எடுத்திருந்தார். அழுக்காக ஒரு தோட்டா கட்டுவது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காய்ந்ததும் அவற்றை மார்கரின் டப்பாவில் போட்டார். ரூடியுடையவற்றிலிருந்து குண்டைப் பிடுங்கி, மருந்தை ருபார்ப் செடிப் பாத்தியில் உரமாகத் தூவினார். ரூடியின் மருந்தால் ஆகக்கூடிய உபயோகம் அதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

சீசன் தொடங்கிய நாள் இருவரும் வேட்டைக்கான ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். ஆர்லிஸ் முகட்டுக்குப் போனாள். வெர்லின் கீழே பைன் மரங்களுக்குள் உட்கார்ந்தார். புறப்படுமுன் அவள் டப்பாவிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து மேகசினில் போட்டாள். "ரூடியோடதா?" என்று கேட்டார் வெர்லின், பதில் தெரிந்தவர் கேட்கும் குரலில். "டப்பா அவனோடதுதான்" என்றாள்.

வெளிச்சம் நன்றாக வந்தபின் மேலே ஒரு வெடி கேட்டது. வெர்லின் எழுந்து நின்றார். மூச்சு விடும் நேரத்துக்குள் இரண்டாவது வெடி. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தோட்டா முட்டாமல் ஏறியிருக்கிறது என்பது அந்த மலையில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. பனியில் சறுக்கிச் சறுக்கி ஏறிப் போனார்.

எல்க் சரிவில் கிடந்தது. ஆர்லிஸ் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது எப்படிப் போச்சு தெரியுமா? போனதே தெரியல."

"அப்படியா" என்றார் வெர்லின். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"ரூடிக்கு நல்லா நன்றி சொல்லணும்."

அதை அவள் ஒருமுறை சொல்லி நிறுத்தவில்லை. மறுநாள் டாட்டியின் காப்பிக் கடையில், பாதி ஊர் உட்கார்ந்திருக்க, ரூடியின் தோளைத் தட்டிச் சொன்னாள். "இந்த வருஷம் என் எல்க் இவன் புண்ணியம்."

கடைக்காரி டாட்டி ரூடியின் தட்டில் கேட்காமலே ஒரு துண்டு ஆப்பிள் பை வைத்தாள். "அப்ப வெர்லினோட தோட்டாவெல்லாம் என்ன ஆச்சு கண்ணு?"

"அது காகிதத்துக்கு" என்றாள் ஆர்லிஸ். "காகிதம் ஓடாதுல்ல."

ரூடி வாயில் பைத் துண்டோடு வெர்லினைப் பார்த்தான். "யோவ், ஏன்யா மூஞ்சி இப்படி இருக்கு?"

"காப்பி சுடுது."

இதுவரை ரூடியின் தோட்டாவின்மேல் பொறாமைப்பட்டவர், இப்போது தன்னுடைய தோட்டாவின்மேலேயே பொறாமைப்பட வேண்டியதாயிற்று. அதன் வேகம், அதன் நேர், அது சத்தமில்லாமல் ஏறிய விதம் எல்லாம் அவர் செய்தவை. பெயர் மட்டும் ரூடியுடையது. வாயைத் திறந்தால் திருடன். மூடிக்கொண்டிருந்தால் முட்டாள். காப்பியை ஊதிக் குடித்தார்.

அன்று மாலை ஆர்லிஸ் எல்க்கின் முதுகெலும்புக்கு உட்பக்கத்து மிருதுவான இறைச்சியை, மொத்தத்தில் அதுதான் மேலானது, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

"ரூடி வீட்டுல குடுத்துட்டு வா."

"முழுசுமா?"

"முழுசும்."

ரூடியின் சமையலறையில் பேஸ்பாலுக்குப் பதில் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து விசிலடித்தான். பிறகு வெர்லினின் காலியான கைகளைப் பார்த்தான்.

"கூடு எங்க?"

"எந்தக் கூடு?"

"சுட்ட கூடுய்யா. கட்டினவனுக்குத் திரும்பி வரணும்ல? பித்தளை என்னோடதாச்சே."

"ஆர்லிஸ் கிட்ட இருக்கும். மறந்துட்டா."

"ஆர்லிஸா மறந்தா?" ரூடி இறைச்சியைத் திருப்பிப் போட்டான். "எறச்சி வந்துச்சு, கூடு வரல. சரி, எறச்சியே போதும். எவ்வளவுன்னு அளந்து பாத்தியா?"

"எதை?"

"எறச்சியத்தான். வேற எதைக் கேக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டு வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தான்.

வெர்லின் வேலியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நேராகக் கராஜுக்குள் போனார். மேசையின் நடுவில், பிரஸுக்கு முன்னால், இரண்டு காலிக் கூடுகள் தலைகீழாக நின்றன. அடிப்பக்கத்தில் வளையங்கள் தெரிந்தன. ஜன்னல் வழியே வந்த மாலை வெளிச்சத்தில் அது சிவப்பாகவே இல்லை. சால்மன் மீனின் சதை நிறத்தில் இருந்தது. பக்கத்திலேயே நகப்பூச்சு பாட்டில், இறுக்கி மூடியபடி.

ஆர்லிஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"கல்யாணத்துக்குன்னு வாங்கினது. மிச்சத்த நீயே வச்சுக்க."

வெர்லின் கூடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"மேகசின்ல போடும்போது."

"தெரிஞ்சும் சுட்டியா?"

"நீ கட்டினதுன்னு தெரிஞ்சதாலதான் சுட்டேன். யாரோ மாத்தி வச்சிருக்கான்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அங்கயே கொட்டிட்டு எறங்கியிருப்பேன்."

வெர்லினுக்கு உள்ளே ஏதோ ஒன்று போல்ட் மாதிரி முன்னால் வந்து மூடிக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"அப்புறம் எதுக்கு எறச்சி மொத்தமும் அவனுக்கு?"

ஆர்லிஸ் தராசுக்குப் பின்னாலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்துத் துணியால் துடைத்தாள்.

"நான் போல்ட்ட முழுசா இழுக்கலன்னு நீ சொன்ன. ஒரு வருஷம் சொன்ன. அவன் ஒருத்தன்தான் என் கையப் பாக்காம தோட்டாவப் பாத்தான்."

ஒரே ஓட்டைக் காகிதத்தை ஆணியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, போட்டோவை அங்கே மாட்டிவிட்டுப் போனாள். கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. வெர்லின் அதை நேராக்கினார். பிறகு உட்கார்ந்து, பிரஸிலிருந்த டையை அவளுடைய நீளத்திலேயே வைத்துப் பூட்டை இறுக்கினார். தன்னுடைய துப்பாக்கிக்கு வேறொரு டை வாங்கிக்கொள்ளலாம். அல்லது அதுவும் இந்த நீளத்துக்குப் பழகிக்கொள்ளட்டும்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தராசுக்குக் காற்றுப் படக்கூடாது என்றுதான்.